வெள்ளைக் காரின் விலை

ஓட்டுநர் இல்லாத பந்தயக் கார்களுக்கு இப்போதெல்லாம் உள்ளே உட்காருபவரின் நெஞ்சுத் துடிப்பு எவ்வளவு ஏறுகிறது என்பதை வைத்துத்தான் இறுதி விலை போடுகிறார்கள். ஒரகடத்துச் சோதனை ஓடுதளத்தில் அப்படி உட்காரும் வேலை வேதவல்லிக்குக் கிடைத்தது. பதினெட்டு வருடம் கல்குவாரியில் ஜல்லி சுமந்தவள்.

பதினொரு கோடி சிவப்புக் கார் இரண்டே நொடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. துடிப்பு எழுபத்திரண்டு. பதினான்கு கோடி நீலக் கார் ஒன்றரை நொடியில் தொட்டது. அதே எழுபத்திரண்டு.

“பயமே வராதாம்மா உனக்கு?” என்றார் பொறியாளர் ஞானசேகர்.

“கல்லு லாரி மேல குந்திக்கினு மலை எறங்கினவ சார் நானு.”

“அடுத்ததுலயும் இப்படின்னா வேற ஆளத்தான் பாக்கணும்.”

ஓடுதளத்தில் மழைத்தண்ணீர் நின்றதால், ஒன்பது கோடி வெள்ளைக் காரை வெளிச்சாலையில் விட்டார்கள். குவாரிக்கு அவள் தினமும் இரண்டு மணி நேரம் நடந்த சாலை அது. மூன்று நிமிடத்தில் முடிந்துபோனது.

“நூத்தி நாப்பது!” ஞானசேகரின் குரல் காருக்குள் ஒலிபெருக்கியில் கத்தியது. “பதினாறு கோடி போடலாம்! அப்படி என்னம்மா இருக்கு இந்த வண்டியில?”

வேதவல்லி வந்த வழியை வாய் பிளந்து திரும்பிப் பார்த்தாள்.

“குவாரி வந்துடுச்சி சார், அதுக்குள்ள.”