நிஷாவின் நிபந்தனைகள்

"இறா வறுவல் வந்தாத்தான் மாத்திரை உள்ள போவும்" என்று வாயை இறுக்க மூடிக்கொண்டாள் நிஷா.

"நேத்துதானேடி வறுத்துக் குடுத்தேன்?"

"அது நேத்து மாத்திரைக்கு."

உள்ளங்கையில் இரண்டு மாத்திரைகளோடு நின்ற தனம், பெருமூச்சு விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

கோவளம் மீனவர் குப்பத்தில் ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் அவர்கள். தனம் மூத்தவள், மீன் விற்பவள். நிஷா இளையவள், வாய்க்காரி. குழந்தைக்காக அவர்கள் போய்வந்த தாம்பரத்து டாக்டரம்மா, கருமுட்டை எடுப்பதற்கு முன் மூன்று மாதம் வைட்டமின் மாத்திரைகளை விடாமல் போடச் சொல்லியிருந்தார்.

"அது இன்னாக்கா, ஆன்டி ஆக்சிடென்ட்டுன்னாங்களே? பஸ்ல அடிபடாம இருக்கவா?"

"அது ஆன்டி ஆக்ஸிடன்ட்டுடி, சத்து மாத்திரை! முட்டை கெடாம காப்பாத்துமாம். முட்டை நல்லா இருந்தாத்தான் கருவும் நல்லா இருக்குமாம்."

"நிச்சயமா?"

"நிச்சயம்னு அவங்களும் சொல்லல. பலன் கெடைக்கலாம்னாங்க. எனக்கு அந்த 'லாம்' போதும்."

அதற்குப் பிறகு நிஷாவின் பட்டியல் நீண்டது. சி மாத்திரைக்கு மாதுளம்பழம். ஈ மாத்திரைக்குத் தலையில் எண்ணெய் தேய்த்துவிட வேண்டும். தண்ணீர்க் குடம் தூக்க மாட்டாள். டிவி தொடர் ஓடும்போது யாரும் கூப்பிடக் கூடாது.

"சின்னவ உன்னை வேலைக்காரியாவே ஆக்கிட்டா" என்றாள் எதிர் வீட்டு முத்தாலம்மாள்.

"ஆக்கிட்டுப் போறா. நீ உன் வேலையைப் பாரு" என்று தனம் அவள் வாயை அடைத்தாள்.

மூன்று மாதம் முடிந்து ஊசி போடும் நாட்கள் வந்தன. தினமும் ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஒரு ஊசி. அதற்கு மட்டும் நிஷா எந்த நிபந்தனையும் வைக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துக்கொண்டாள். வெளியே பெஞ்சில் தனம்தான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"ஊசி எனக்கு, அழுகை உனக்கா? நல்லா கீதே கதை! கண்ணைத் தொடச்சிக்கோ. நாளைக்கு நண்டுக் குழம்பு வை" என்றாள் நிஷா.

மயக்கம் கொடுத்து முட்டைகளை எடுத்தார்கள். அடுத்த மூன்று நாளும் தனத்துக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் மதியம் இருவரும் தாம்பரம் ஆஸ்பத்திரியில் காத்திருந்தார்கள். நர்ஸ் பியூலா சிரித்துக்கொண்டே வந்தாள்.

"முட்டையெல்லாம் நல்ல தரம்னு டாக்டர் சொன்னாங்க. மூணு கரு நல்லா வளர்ந்திருக்கு."

தனம் நிஷாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கரு வைக்கணும். உள்ள வாங்க" என்று கதவைத் திறந்து பிடித்தாள் பியூலா.

நிஷா நாற்காலியை விட்டு எழவேயில்லை. பிடித்திருந்த கையை விடுவித்து, தனத்தின் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

"போக்கா. முட்டை குடுத்ததோட என் வேலை முடிஞ்சுது. பத்து வருசமா நீ கேட்ட புள்ளைய இனிமே நீதான் சுமக்கணும். நான் கெளம்பறேன், என் வாலுங்க ரெண்டும் ஸ்கூல் வுட்டு வந்துடும்!"