பதினாறு எழுத்து பாஸ்வேர்டு

"வைஃபை பெட்டியத் தொடக்கூட இல்ல, ஆசியா! மெட்ராஸ்ல உக்காந்துக்கிட்டே அந்த நெட் கம்பெனிப் பொண்ணு சரிபண்ணிருச்சு. 'இப்ப சரியா வருதாங்க சார்?'னு என்ன மரியாதையா கேக்குது தெரியுமா!"

ஸ்பீக்கரில் போட்டிருந்த போனை வைத்துவிட்டுச் சொன்னார் ஜெகபர் அலி. காலையிலிருந்து நொண்டிய வைஃபை இப்போது பிய்த்துக்கொண்டு ஓடியது.

"எனக்கென்னங்க கேட்டுச்சு? ஒரே சத்தம்," என்றாள் ஆசியா. அவர் பேசிக்கொண்டிருந்தபோதே சம்பா அறுவடை முடித்த மிஷின் ஒன்று தெருவுக்குள் உறுமிக்கொண்டு வந்தது. அப்போது போனுக்குள்ளும் அதே உறுமல்தான் கேட்டது. வந்த மிஷின் சும்மா போகவில்லை, குறுக்கே தொங்கிய எதிர்வீட்டு நெட் கேபிளை அறுத்துக்கொண்டு போயிற்று.

அடுத்த நிமிஷம் எதிர்வீட்டுப் பூவிழி ஓடி வந்தாள். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிற பெண், சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது.

"மாமா, எங்க கேபிள் போச்சு. செல்போன் நெட்டும் தாங்க மாட்டேங்குது. கால் மணி நேரத்துல திரும்ப லாகின் பண்ணலன்னா வேலை போயிரும். இன்னிக்கு ஒரு நாள் உங்க வைஃபை குடுங்க மாமா!"

அவள் கண் கலங்கியிருந்தது. ஜெகபர் அலிக்கும் மனசு இளகத்தான் பார்த்தது. ஆனால் மனுஷர் துபாயில் இருபது வருஷம் கடை நடத்தியவர். வைஃபை திருட்டு பற்றி வாட்ஸப்பில் வருவதையெல்லாம் ஒன்று விடாமல் படிக்கிறவர் வேறு.

"கோவிச்சுக்காதம்மா. உனக்குச் சொன்னா நாளைக்குத் தெருவுக்கே தெரிஞ்சிரும். பதினாறு எழுத்து, நேத்துதான் மாத்துனேன். உன் மாமிக்கே சொல்லல."

"ஆமா, பெத்த புள்ள வந்தாலும் இவரேதான் அடிச்சுக் குடுப்பாரு," என்று ஆசியா தலையில் அடித்துக்கொண்டாள். "பாவங்க, புள்ள அழுவுது. குடுங்களேன்!"

"நீ சும்மா இரு. அது அல்லாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

பூவிழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள்.

"இப்ப சரியா வருதாங்க சார்?"

அதே குரல், அதே மரியாதை. ஜெகபர் அலி கையிலிருந்த போனைப் பார்த்தார், அவள் கழுத்து ஹெட்போனைப் பார்த்தார்.

"சரிபண்ணும்போதே உங்க பாஸ்வேர்டு எங்க கம்பெனி ஸ்கிரீன்ல அப்படியே தெரிஞ்சுது மாமா. எடுத்துக்காம, கேட்டு வாங்கலாம்னுதான் வந்தேன்."