திங்கட்கிழமை வராதவர்கள்

"ஒன்பது செகண்டு மேடம்! உங்க பக்கம் தொறக்கறதுக்குள்ள ஜனங்க அலுத்துப்போய் அடுத்த கடைக்குப் போயிடறாங்க. ஆனா அவங்க விளம்பரத்தைத் தொட்டதுக்கு நீங்க காசு கட்டியாகணும்."

வெப்சைட்காரர் இப்படிச் சொன்னதும் அவளுக்குச் சுருக்கென்றது. பெண்களுக்கான கைப்பைகளைத் தைத்து இணையத்தில் விற்பவள் அவள். மாடியில் ஒற்றை அறை, நான்கு தையல் மிஷின், நான்கு பெண்கள். விளம்பரச் செலவு இப்படியே ஏறினால் நால்வரில் ஒருத்தியை நிறுத்த வேண்டியதுதான்.

"என்ன செஞ்சாவது குறைங்க சார்."

ஒவ்வொரு பையின் படத்தையும் அவள் சுவர் அளவுக்கு ஏற்றி வைத்திருந்தாள். "தையல் ஒவ்வொண்ணும் தெரிய வேணாமா?" என்று வாதாடியதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், அவர் எல்லாவற்றையும் சுருக்கினார். பக்கம் ஒரே செகண்டில் திறந்தது. அவள் அதை மூடி மூடித் திறந்து நான்கு பெண்களுக்கும் காட்டினாள்.

ஒரு மாதம் கழித்து, திங்கட்கிழமை காலையில், அதே வெப்சைட்காரர் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பக்கம் வேகமானதால ஒரு கிளிக்குக்கு ஆகற விலை குறைஞ்சிருக்கு. வியாபாரமும் கூடியிருக்கு. ஆனா மொத்தச் செலவு மட்டும் ஏறியிருக்கே!"

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதையா?"

"இதைப் பாருங்க. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்துலேருந்து தினமும் முப்பது நாப்பது கிளிக். வேற வேற போன், முக்கால்வாசி ஆம்பளைங்க. முதல் படத்தைப் பாக்கறாங்க, மூடிடறாங்க. ஒருத்தர்கூட வாங்கல. திங்கட்கிழமை மட்டும் ஒரு கிளிக்கும் இல்ல."

"போட்டிக்காரன் எவனாவது ஆள் வெச்சுச் செய்யறானோ?"

"வாரத்துல ஒருநாள் லீவு எடுத்துக்கிட்டா செய்வான்?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்த ஏரியாவுக்கே விளம்பரம் போகாம நிறுத்திடுங்க."

அவர் ஒரு தட்டுத் தட்டினார், முடிந்தது. நான்கு பேருக்கும் வேலை தப்பியது என்று அவள் மூச்சு விட்டாள்.

அப்போது அவளுடைய அப்பா மாடியேறி வந்தார். தன் கடைக்கு விடுமுறை என்றால் மகளின் கடையைச் சுற்றிப் பார்க்க வந்துவிடுவார். வெப்சைட்காரர் இன்னாரென்று தெரிந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பக்கத்தை வேகமாக்கினது நீங்கதானா தம்பி? நல்லா இருக்கணும்! முன்னெல்லாம் அது தொறக்கறதுக்குள்ள எனக்குப் பாதித் தலை முடிஞ்சிடும். ரெண்டு பேருக்குக் காட்டறதே பெரும்பாடு. இப்ப துணியைப் போத்தறதுக்குள்ள வந்து நிக்குது. பஸ் ஸ்டாண்ட் கடைக்கு முடி வெட்டிக்க வர்ற ஒருத்தரையும் விடறதில்ல. 'உங்க போன்லயே கைப்பைன்னு தேடுங்க, முதல்ல வர்றதைத் தொடுங்க, என் பொண்ணு கடை'ன்னு காட்டிட்டுதான் கத்தரியையே கையில எடுப்பேன்!"

தையல் மிஷின்கள் நான்கும் நின்றுவிட்டன. மகள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வெப்சைட்காரர் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னாள்.

"அந்த ஏரியாவைத் திரும்பச் சேர்த்துடுங்க சார். ஒரு நாளைக்குப் பத்துத் தலைக்கு மட்டும்."