ஆமெனுக்குப் பிறகு கொஞ்ச நேரம்

சோல் மறுபடியும் கழன்று கையோடு வந்தது.

அவள் ஷூவை மேசைமேல் வைத்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு குவியல் கிடந்தது. எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தன.

புரியவில்லை.

பசை அதே பசை. சூடு அதே சூடு. பிரஸ் மெஷினும் இந்த ஆம்பூர் தொழிற்சாலையில் இதே மூலையில்தான் வருடக்கணக்காக நிற்கிறது. அதை ஆட்டிவைத்த பழைய கம்ப்யூட்டர்தான் புகைந்துபோய், காயலான் கடைக்குப் போய்விட்டது. புரோகிராமின் நகல் மட்டும் மிச்சம். அதைப் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுக்கத்தான் சென்னையிலிருந்து அவளை வரவழைத்திருந்தார்கள்.

மாற்றினாள். வரிக்கு வரி. ஒரு புள்ளிகூட விடவில்லை.

அந்தக் கர்வத்தில்தான் காலையில் சூப்பர்வைசர் இம்தியாஸ் கேட்டபோது, "புரோகிராம்ல தப்பே இல்ல" என்று அடித்துச் சொன்னாள்.

"அப்ப கைதான்" என்றார் அவர்.

கை, லூர்தம்மாளுடையது. பிரஸ்ஸில் ஷூவை வைத்துப் பெடலை மிதிப்பவர். திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று இம்தியாஸ் அவரிடம் அப்போதே சொல்லிவிட்டார்.

லூர்தம்மாள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு அடுத்த ஷூவை எடுத்து வைத்தார்.

அதைப் பார்த்தபின் அவள் டீயை அப்படியே வைத்துவிட்டாள். புரோகிராமை மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

ஒரு வரி உறுத்தியது.

ஒன்றிலிருந்து ஒரு பெரிய எண் வரைக்கும் எண்ணு. எண்ணி முடித்ததும் பிரஸ்ஸைத் திற.

அவ்வளவுதான். வெறுமனே எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். எந்தப் புண்ணியவான் எழுதினானோ, எதற்கு என்று ஒரு வார்த்தை எழுதி வைக்கவில்லை. எண்ணி என்ன ஆகப்போகிறது?

அப்புறம்தான் விளங்கியது.

பழைய கம்ப்யூட்டர் அதை ஆற அமர எண்ணியிருக்கிறது. அது எண்ணி முடிப்பதற்குள் சோல் பிடித்துக்கொள்ளும். புதியது கண்ணை மூடித் திறப்பதற்குள் எண்ணித் தீர்த்துவிடுகிறது. மூடிய பிரஸ் உடனே திறந்துவிடுகிறது.

கையில் தப்பில்லை.

ஆனால் பிடிக்கிற சோல் ஒன்றையாவது காட்டாமல் இம்தியாஸ் நம்பப் போவதில்லை. பழையது எவ்வளவு நேரம் எண்ணும் என்று அவரிடமே கேட்டாள்.

"நேரமெல்லாம் யாரு மேடம் பார்த்தா? பெடலை மிதிச்சா மூடும், அதுவா தொறக்கும்."

எண்ணுவதற்குப் பதிலாகக் குத்துமதிப்பாக ஒரு நேரம் வைத்தாள். சோல் கழன்றது. கூட்டினாள். தோல் வெந்து சுருங்கியது. குறைத்தாள். மறுபடி கழன்றது. இத்தனை வருடம் படித்ததெல்லாம் எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

கடைசியில் லூர்தம்மாளிடம் போனாள். முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"பெடலை மிதிச்சதும் ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் ஆரம்பிப்பேன்மா. ஆமென் சொன்னப்புறமும் கொஞ்ச நேரம் மூடியேதான் இருக்கும். அதுல, யாரு ரொம்ப கஷ்டத்துல இருக்காங்களோ அவங்க பேரைச் சொல்லி வேண்டிக்குவேன். சொல்லி முடிச்சா தொறந்துக்கும்."

கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"இப்ப வாயெடுக்கறதுக்குள்ள தொறந்துக்குது."

அவள் செல்போனை எடுத்தாள். கம்ப்யூட்டரை நம்பி ஏமாந்த பிறகு, இனி எதை நம்பினால் என்ன?

"அப்படியே சொல்லுங்கம்மா. வேண்டிக்கிறதையும் சேர்த்து. நான் நேரம் பாக்குறேன்."

லூர்தம்மாள் பெடலில் காலை வைத்துக் கண்களை மூடினார். உதடுகள் அசைந்தன. அவசரமே இல்லை. ஆமென் வந்தது.

அவள் விரல் செல்போனின் நிறுத்தும் பொத்தான்மேல் காத்திருந்தது.

லூர்தம்மாள் கண்களைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"உன் பேரு என்னாம்மா?"

செல்போனில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.