பதினெட்டு நிமிஷம்

இப்போதெல்லாம் மனுஷன் வாயைத் திறந்து ரெண்டு இட்லி கேட்பதில்லை.

உட்காருகிறான். மேஜையில் ஒட்டியிருக்கிற கட்டம்போட்ட சீட்டைச் செல்போனில் ஒரு படம் பிடிக்கிறான். அடுத்த நிமிஷம் சமையல்கட்டுத் திரையில் அவன் கேட்டது விழுந்துவிடுகிறது. தட்டைக் கொண்டுபோய் வைத்தால், வைத்தது ஆளா காற்றா என்றுகூட நிமிர்ந்து பார்ப்பதில்லை.

காத்தானுக்கு வயிறு எரிந்தது. ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு வெளியே, ஒண்ணாம் நம்பர் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில் இருக்கிற அந்த ஹோட்டலில் அவர் முப்பத்தாறு வருஷமாக சர்வர்.

எரிச்சலையாவது முழுங்கிவிடலாம். பயத்தை முழுங்க முடியவில்லை.

முந்தாநாள் கல்லாவில் முதலாளி ரெங்கநாதனிடம் அவர் மகள் மாலினி சொன்னது இவர் காதில் விழுந்தது. “வர்ற ஒண்ணாந்தேதியிலேர்ந்து நம்ம கடை முழுக்க சர்வர்லெஸ்ப்பா.”

லெஸ் என்றால் என்னவென்று காத்தானுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒரு நாளைக்கு நாற்பது சுகர்லெஸ் காபி கொண்டுபோய் வைக்கிறவர். சுகர்லெஸ் என்றால் சர்க்கரை கிடையாது.

அப்படியானால் சர்வர்லெஸ்?

இரண்டு நாள் பொறுத்தார். இன்றைக்குக் காலை டிபன் கூட்டம் ஓய்ந்ததும் நேராக ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டார்.

மாலினி அங்கேதான் இருந்தாள். புளி மூட்டைக்குப் பக்கத்தில், செருப்பு டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி பச்சை விளக்கோடு முனகிக்கொண்டிருந்தது. ஆர்டர் எல்லாம் அதன் வழியாகத்தான் போகிறது. எந்தக் கம்பெனிக்கும் வாடகை அழாமல், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் விட்டிருக்கிற சாஃப்ட்வேரை இறக்கி அவளே கட்டியது. நம்ம சொந்த கிளவுட் என்பாள். கிளவுட் என்றால் மேகமாம். மேகத்தைக் கொண்டுவந்து புளிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

“ஏன் பாப்பா, என்னை எப்ப நிறுத்தப் போறீங்க? நேரா சொல்லிடு.”

அவள் விழித்தாள். விஷயம் பிடிபட்டதும் சிரிப்பை அடக்க முடியாமல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

“ஐயோ தாத்தா! அது கம்ப்யூட்டர் சர்வர். இதோ, இந்தப் பெட்டி.”

“சர்வரே இல்லேன்னு ஊருக்குச் சொல்லிட்டு, சர்வரை இங்க ஒளிச்சு வெச்சிருக்கியா?”

“இருக்கும் தாத்தா. ஆனா வேலை இல்லாதப்ப எதுவும் சும்மா நின்னுக்கிட்டே இருக்காது. ஆர்டர் வந்தா அதுக்குன்னு ஒரு ஃபங்ஷன், சின்ன புரோகிராம், முழிச்சுக்கும். வேலை முடிஞ்சதும் போயிடும். அவ்வளவுதான்.”

ஃபங்ஷன். அதுவும் காத்தானுக்குத் தெரிந்த வார்த்தைதான்.

இந்தக் கடைக்கு வருமுன் அவர் ஃபங்ஷனுக்குப் பரிமாறுகிற ஆள். கல்யாணம், காதுகுத்து, எங்கே பந்தி விரித்தாலும் சொல்லி அனுப்புவார்கள். கடைசிப் பந்தி எழுந்ததும், சாம்பார் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகச் சொல்வார்கள். முகூர்த்தம் இல்லாத மாசம் வீட்டில் அடுப்பும் இல்லை. ரெங்கநாதனின் அப்பாதான் ஒரு பந்தியில் இவர் கைவேகத்தைப் பார்த்து, “தினமும் வந்து நில்லு” என்றார்.

அந்த ஒரு சொல்லில்தான் முப்பத்தாறு வருஷம் ஓடியது.

நிற்பதுதான் வேலை. கூப்பிடும் முன்னால் பக்கத்தில் போய் நிற்கிறவன் சர்வர். கூப்பிட்டால் வருகிறவனுக்கு வேறு பேர்.

“நீங்க இல்லாம கடையா தாத்தா?” என்றாள் மாலினி.

காத்தானுக்குப் பாதி மனசு இறங்கியது. மீதிப் பாதி சந்தேகத்தோடு அப்படியே நின்றது. ஆனாலும் ஈரமுள்ள பெண்தான். போன செவ்வாயும் அதற்கு முந்தின செவ்வாயும் அவருக்கு வார லீவு. இரண்டு தரமும் அவளே போன் போட்டாள். உடனே வர முடியுமா தாத்தா என்றாள். திருவானைக்காவல் வீட்டிலிருந்து சட்டைப் பொத்தானை வழியில் மாட்டிக்கொண்டே ஓட்டமும் நடையுமாக வந்தார். வந்து பார்த்தால் கடையில் ஈ காக்கா இல்லை. “சும்மாதான், உங்க ஞாபகம் வந்துச்சு” என்று தன் கையாலேயே காபி போட்டுக் கொடுத்தாள்.

அந்தக் காபியை இரண்டு வாரமாக நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டிருந்தார்.

வாசலில் நிழல் விழுந்தது. ரெங்கநாதன். காத்தானைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துக்கொண்டே மகளிடம் கேட்டார்.

“சொல்லிட்டியாம்மா?”

மாலினியின் சிரிப்பு நின்றது. மூட்டையிலிருந்து எழுந்தாள்.

“இன்னும் இல்லப்பா.” குரலைத் தாழ்த்தினாள். “ஆனா ரெண்டு தரமும் டைம் பார்த்துட்டேன். கூட்டம் இருக்கறப்ப மட்டும் கூப்பிட்டா போதும், பதினெட்டு நிமிஷத்துல வந்துடறாரு.”

பெட்டி முனகிக்கொண்டிருந்தது.

காத்தான் தோளில் கிடந்த மேஜை துடைக்கிற துணியை எடுத்தார். நாலாக மடித்தார். பச்சை விளக்கு மறைகிற மாதிரி பெட்டியின் மேல் வைத்தார்.

“நாலாம் நம்பர் மேஜையில சட்னி கொட்டிக் கிடக்கு. இதை முழிச்சு வந்து துடைக்கச் சொல்லு பாப்பா.”

வெளியே வந்தார். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. சர்வர்லெஸ்ஸாம், என்று தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார்.

பின்னால் மாலினி, “தாத்தா” என்று கூப்பிட்டாள். இன்னொரு தரமும் கூப்பிட்டாள்.

காத்தான் பஸ்ஸைத் தாண்டி நடந்துகொண்டிருந்தார்.