விமானக் கம்பெனி உத்தியோகம்

"இதில என்ன பிழை எண்டு கண்டுபிடியும் பாப்பம்."

கம்ப்யூட்டர் பிரிவு மேனேஜர் அம்பிகைபாகன், மெஷின் படிக்கிற, ஓட்டை போட்ட கார்டுகளை ஒரு தட்டு நிறையத் தனசேகரன் முன்னால் தள்ளினார். அவன் நீட்டிய சர்டிபிகேட் ஃபைலை அவர் தொடக்கூட இல்லை.

இவரெல்லாம் ஒரு மேனேஜர்! டை கட்டத் தெரிந்தால் போதும் போலிருக்கிறது, நாற்காலி கொடுத்துவிடுகிறார்கள். தனசேகரனுக்குச் சிரிப்பு வந்தது.

வராதா பின்னே? இரண்டு வருஷம் மாலை வகுப்பில் ப்ரோக்ராம் எழுதப் படித்தவன். காலையில் இண்டர்வியூவுக்கு உடனே வரச்சொல்லி போன் வந்ததுமே, சிராங்கூன் ரோடு ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை வேலையை உதறிவிட்டான். "காலம் பூரா உங்க கடையில குப்பை கொட்டவா நான் பொறந்தேன்?" என்று முதலாளி நாகூர் கனியின் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு வந்தவன். இந்த வேலை கிடைக்காவிட்டால் அந்தக் கடைப்படியை இனி மிதிக்க முடியாது. அந்தப் பயம் கொஞ்சமாவது இருந்ததா? ஊஹூம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷின் சத்தமில்லாமல் நின்றது. நாலைந்து குமாஸ்தாக்கள் கையைக் கட்டிக்கொண்டு இவனையே பார்த்தார்கள். வரப்போகிற ப்ரோக்ராமரை நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று காலரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"மெட்ராஸ் போற ஆக்களின்ர லிஸ்ட். மெஷின் பாதியில நிண்டுபோகுது. ஏன்?"

கார்டுகளைப் புரட்டினான். நின்ற இடத்தில் இருந்தது ஒரு வேலாயுதத்தின் கார்டு. பெயருக்குப் பின்னால் 'எஸ்', ஒரு சாய்கோடு, 'ஓ', அப்புறம் அப்பா பெயர். தனசேகரனின் அடையாள அட்டையிலும் இதே கோடுதான்.

"இதுகூடத் தெரியலையா சார்? ப்ரோக்ராம் எழுதினவன் லண்டன்காரன். அவன் ஊர்ல யாரு பேருக்கு நடுவுல 'சன் ஆஃப்'னு கோடு போடுறாங்க? கோட்டைக் கண்டதும் மெஷின் முழிக்குது. அதைத் தாண்டிப் போன்னு சொல்லிட்டா போதும்."

"எழுதிக் காட்டும்."

எழுதினான். அம்பிகைபாகன் தாளைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். கொஞ்ச நேரத்தில் மெஷின் தடதடவென்று ஓடியது. குமாஸ்தாக்கள் கைதட்டினார்கள். தனக்குத்தான் என்று தனசேகரன் பெரிய மனிதன் மாதிரி தலையசைத்தான்.

"சரி, நீர் போகலாம். கடிதம் போடுவம்," என்றார் அம்பிகைபாகன் திரும்பி வந்து.

ஒரு நன்றி சொல்லத் தெரியாத ஜென்மம்! இருக்கட்டும், வேலையில் சேர்ந்த பிறகு இவரைப் பார்த்துக்கொள்ளலாம்.

வாசலில், ஆபீசுக்குத் தேநீர் கொண்டுவரும் பூவம்மாவை மறித்தான்.

"இந்தாம்மா, நாளையிலேருந்து எனக்கும் ஒரு தே ஓ. பால் கூடாது, சீனி கம்மியா இருக்கணும், தெரியுதா? நான்தான் புது ப்ரோக்ராமர்."

பூவம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஐயோ பாவம்! வேலை தர்றேன்னு ஐயா சொன்னாரா?"

"சொல்லணுமா என்ன? நின்ன மெஷினையே ஓட வெச்சிருக்கேன்!"

"போன மாசம் வந்த தம்பியும் இப்படித்தான் நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போச்சு. வேலை ஏது தம்பி? மெஷின் படுத்துக்கிட்டாத்தான் இங்க இண்டர்வியூவே வைப்பாங்க லா!"