மூக்கால் தொடாதீங்க!

"அம்மா, மூக்கால தொடாதீங்க! விரலால தொடுங்க!"

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து மைக்கில் கத்தினாள் டிசைனர்.

அந்தப் பக்கம் பேக்கரிக்காரம்மா நிமிர்ந்து பார்த்தார். இடது மணிக்கட்டில் சோதனைக்குக் கட்டிவிட்ட ஸ்மார்ட் வாட்ச். மூக்கு நுனி சிவந்திருந்தது.

"அலாரம் நின்னுடுச்சு இல்ல? அப்புறம் என்னம்மா?"

சோதனையைப் படமெடுத்துக்கொண்டிருந்த கேமராக்காரன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

டிசைனருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு மாத உழைப்பு. பாதி பிஸ்கட் அளவுக்குத் திரை. அதில் ஒரு பட்டனை அரை மில்லிமீட்டர் நகர்த்த ஒரு வாரம் சண்டை போட்டவள் அவள். ஆபீஸில் அவளுக்கு 'மில்லிமீட்டர்' என்றே பட்டப்பெயர். இன்று வெளியாட்களை வைத்துக் கடைசிச் சோதனை. சாயங்காலம் மேனேஜர் கையெழுத்துப் போட்டால் டிசைன் தொழிற்சாலைக்குப் போய்விடும்.

"சரி, அடுத்தது. இப்ப ஒரு மெசேஜ் வரும். ரெண்டு விரலால கிள்ளி அதைச் சின்னதாக்குங்க."

பேக்கரிக்காரம்மா வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். மூக்கு ஒரு விரல், முகவாய் ஒரு விரல் என்று வைத்துக்கொண்டு வாட்சை முகத்தோடு அப்பினார்.

மெசேஜ் காணாமல் போனது. பக்கத்து அறையில் மேனேஜரின் போன் அடித்தது.

"ஹலோ? யாருங்க? யாரு இப்படி மூச்சு விடறது?"

கேமராக்காரன் நாற்காலியிலிருந்து வழுக்கி விழுந்தே விட்டான். மேனேஜர் ஓடி வந்தார். விஷயம் கேட்டதும் அவருக்கும் ஆசை வந்துவிட்டது. தன் வாட்சை மூக்கால் ஒரு அமுக்கு அமுக்கினார். ஆண்டவன் அவருக்கு மூக்கில் வஞ்சனை வைக்கவில்லை. ஒரே நேரத்தில் மூன்று பட்டன்.

'ஓட்டம் தொடங்கியது! வாழ்த்துகள்!' என்று கூவியது வாட்ச்.

அறையே அதிர்ந்தது. டிசைனர் மட்டும் சிரிக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"விளையாடவா வந்தீங்க? ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்கு?"

"எனக்கு நல்லாத்தான் இருக்கு கண்ணு. அடுப்பிலேர்ந்து தட்டை இழுக்கிறப்போ? கைக்குழந்தையைத் தூக்கிட்டிருக்கிறப்போ? பஸ்ல கம்பியைப் பிடிச்சுட்டு நிக்கிறப்போ? கட்டிக்க ஒரு கை, தொட ஒரு கைன்னு ரெண்டையும் உன் வாட்சே எடுத்துக்கிட்டா வேலையை யாரு பார்க்கிறது?"

டிசைனர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். எத்தனை விரல்களின் அகலத்தை அளந்திருப்பாள்! கைகளை எண்ணிப் பார்த்ததே இல்லை.

மூடிய வாயிலிருந்து சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்க அடக்க வந்தது. பேக்கரிக்காரம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு புரோகிராமரின் மேஜைக்கு ஓடினாள்.

"டேய், அந்த உதறல் வேலையை அழிச்சுட்டியா?"

"நீதானே வேண்டாம்னு அழிக்கச் சொன்ன?"

"அழிச்சுட்டியான்னு கேட்டேன்!"

"ஒளிச்சு வெச்சிருக்கேன்" என்று பல்லைக் காட்டினான் அவன்.

மணிக்கட்டை ஒரு தடவை உதறினால் 'சரி'. இரண்டு தடவை உதறினால் 'நிறுத்து'. முஷ்டியை மடக்கினால் போனில் பேசலாம். இன்னொரு கைக்கு வேலையே இல்லை. மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டு நாலு பேரும் வராந்தாவில் நின்று உதறு உதறென்று உதறினார்கள். மேனேஜர் உதறிய வேகத்தில் அவர் கையிலிருந்த பேனா மாடிப்படியில் உருண்டோடியது.

"என்ன சார், எறும்பு கடிச்சிடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார் பெருக்க வந்த அம்மா.

நாலு மணிக்குக் கடைசி ஆள் வந்தார். தபால்காரர்.

அவர் உட்கார்ந்த பிறகுதான் டிசைனர் கவனித்தாள். சட்டையின் வலது கை தோள்வரை மடித்து ஊசி குத்தப்பட்டிருந்தது. உள்ளே கை இல்லை.



கேமராக்காரன் அவருடைய இடது மணிக்கட்டில் வாட்சைக் கட்டிவிட்டு, எதற்கு எப்படி உதற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான். அலாரம் அலறியது. தபால்காரர் இரண்டு தடவை உதறினார். நின்றது. மெசேஜ் வந்தது. ஒரு உதறல், பதில் போனது. போன் அடித்தது. முஷ்டியை மடக்கி, "தபால்!" என்று முழங்கினார். பக்கத்து அறையிலிருந்து மேனேஜர், "உள்ள வாங்க!" என்று பதில் முழங்கினார்.

தபால்காரர் முகமெல்லாம் பல். "இன்னொரு தடவை செய்யட்டுமா?"

நாலு தடவை செய்தார். டிசைனர் கைதட்டிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"நல்லவேளை சார், நீங்க காலையில வரலை. வந்திருந்தா ஒண்ணுகூடச் செஞ்சிருக்க முடியாது."

"காலையிலேயே வந்தேன் மேடம். 'ரெண்டு விரலால் கிள்ளவும்'னு வெளியில ஒரு காகிதம் கொடுத்தாங்க. படிச்சதும் சத்தமில்லாம எழுந்து கிளம்பிட்டேன். பக்கத்துல உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, காகிதத்தைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. பேக்கரி வெச்சிருக்காங்களாம். எட்டிச் சட்டையைப் பிடிச்சு நிறுத்திட்டாங்க."

டிசைனரின் கைதட்டல் நின்றது.

"என்ன சொன்னாங்க?"

"'சாயங்காலமா வாங்க தம்பி. சிரிக்கிறவங்க எல்லாம் அதுக்குள்ள என்னைப் பார்த்துச் சிரிச்சு முடிச்சிருப்பாங்க'ன்னாங்க."